காற்றா, கடலா?

திருத்தணி நண்பரின் மகளுக்கு மசூலிப்பட்டினத்துக்கு மாற்றல். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. 'புயல் அடிக்கிற ஊராமே சார்?' என்றார், மலைப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே.

பயம் நியாயம்தான். 1864 நவம்பரில் அங்கே அடித்த புயலில் சுமார் 30,000 பேர் செத்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது காற்றல்ல. காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்! அதற்கு முந்தைய மாதம்தான் கல்கத்தாவிலும் இதே கதி. இந்த அடிகளும், பின்னால் வந்த பஞ்சங்களும் சேர்ந்துதான் வெள்ளைக்காரனை உசுப்பின. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது.

ஆனாலும் 1977 நவம்பரில், பக்கத்துத் திவிசீமாவில் கடல் மறுபடி ஊருக்குள் புகுந்தது. 10,000 பேருக்கு மேல் பலி. அதன் பிறகுதான் கரையோரம் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் வேகமாக எழுந்தன. 1990 மே மாதம் அதே கரைக்கு இன்னொரு பெரும்புயல். இந்த முறை லட்சத்துக்கும் அதிகமானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார்கள். பலி ஆயிரத்தைத் தொடவில்லை.

'வீடு பார்க்கும்போது, கடல் எவ்வளவு தூரம், பக்கத்தில் உசரமான கட்டடம் இருக்கானு பொண்ணை விசாரிக்கச் சொல்லுங்க. காலி பண்ணச் சொன்னா மறுபேச்சு பேசாம கிளம்பணும். அவ்வளவுதான்' என்றேன்.

நண்பர் அடுத்த படியில் கால் வைத்தார்.