நாய் குரைத்தது, யாரும் எழவில்லை

எங்கள் வீட்டில் திருடன் புகுந்த இரவு எதிர்வீட்டு நாய் விடாமல் குரைத்தது. சுங்கை பட்டாணியில் எங்களுடையது வரிசை வீடு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். மறுநாள் போலீஸ் புகார் கொடுத்துவிட்டு வந்தபோது அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "ரெண்டு மணி இருக்கும், நாய் கத்திச்சு. பூனைய பாத்துக் கத்துதுன்னு நெனச்சோம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தவன், மாடியில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கீழே பின்வாசல் கிரிலை அறுத்து வந்தவன் அம்மாவின் கைப்பையையும் சாமி மேடை உண்டியலையும் எடுத்துப் போயிருந்தான்.

"நல்ல டோபர்மேன் ஒன்னு வாங்கிரு தம்பி. பல்ல பாத்தாலே ஓடிருவானுங்க" என்றார் அம்மா. நான் பினாங்கில் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவன். வாரத்தில் ஐந்து நாள் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். அந்தப் பயத்தை ஒரு நாயின் தலையில் கட்டிவிடலாமா என்ற கேள்வியோடுதான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

டோபர்மேன் ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வாழ்ந்த லூயி டோபர்மேன் (1834-1894) வரி வசூலிப்பவர், தெருநாய்க் காப்பகத்தையும் கவனித்தவர். பணப்பையோடு சுற்றும் தமக்குத் துணையாகவே இந்த இனத்தை உருவாக்கினார் என்பார்கள். ஆரம்பகால நாய்கள் மிக முரடானவை. பின்னால் வந்தவர்கள்தான் அதன் குணத்தைத் தணித்தார்கள். பாதுகாப்புக்கென்றே பிறந்த நாயையும் வீட்டில் வைத்துக்கொள்ள, அதன் வெறியைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது.

வெறியையே நம்பிய ஒரு முயற்சியும் நடந்தது. 1942-இல் அமெரிக்க இராணுவம் மிசிசிப்பி கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவுக்கு நாய்களைக் கொண்டுபோனது. தீவின் பெயர் கேட் ஐலண்ட், பூனைத் தீவு! வில்லியம் பிரஸ்ட்ரே என்ற சுவிஸ்காரர் ஒரு திட்டம் கொடுத்திருந்தார். நாய்களுக்கு ஜப்பானியரின் வாடையைப் பழக்கி, பசிபிக் தீவுகளில் கூட்டமாக அவிழ்த்துவிட்டால் அவையே எதிரியைக் கொன்றுவிடுமாம். வாடைக்கு ஆள் வேண்டுமே? அமெரிக்க இராணுவத்திலேயே இருந்த, ஹவாயைச் சேர்ந்த ஜப்பானிய வம்சாவளி வீரர்கள் சுமார் 25 பேரை அனுப்பினார்கள். தங்கள் நாட்டுக்காகச் சண்டையிடச் சேர்ந்தவர்கள், சதுப்பில் ஒளிந்து நாய்க்கு இரையாக நடித்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கழுத்தருகே இறைச்சித் துண்டோடு செத்தவர்போல விழ வேண்டும். நாய் ஓடி வரும், இறைச்சியைத் தின்னும், பிறகு முகத்தை நக்கும். அந்த வீரர்களே பின்னாளில் சொன்னது இது. 1943-இன் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மனிதர்கள் கண்ட இன வாடை நாயின் மூக்குக்கு எட்டவில்லை.

அதே போரில் நாய்கள் மிக நன்றாகச் செய்த வேலை வேறு. 1944 ஜூலையில் குவாம் தீவை மீட்க இறங்கிய அமெரிக்க மரைன்களோடு போர்நாய்ப் படைப்பிரிவுகளும் இறங்கின. அவற்றில் டோபர்மேன்கள் அதிகம். கடிப்பது அவற்றின் முக்கிய வேலை இல்லை. ரோந்துக்கு முன்னால் நடந்து, புதரில் ஆள் இருந்தால் உடலை விறைத்துக் காட்ட வேண்டும். இரவில் பதுங்குகுழி ஓரம் விழித்திருக்க வேண்டும். கர்ட் என்ற டோபர்மேன் 250 மரைன்களை முன்னெச்சரித்துக் காப்பாற்றிவிட்டு இறந்தது. குவாமில் இறந்த 25 நாய்களுக்கு 1994-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் மேல் அமர்ந்திருப்பதும் ஒரு டோபர்மேன்தான்.

பொறியாளன் பாஷையில் சொன்னால், நாய் அருமையான சென்சர். ஆனால் சென்சர் அடித்தால் எதிர்வினை செய்ய ஏதாவது இணைத்திருக்க வேண்டும். கர்ட் விறைத்தபோது அதன் பின்னால் 250 பேர் இருந்தார்கள்.

நம் மண்ணிலும் அதுதான் நடந்தது. அவசரகாலத்தில், 1949 முதல் 1952 வரை, லக்கி, பாபி, ஜாஸ்பர், லாஸி என்ற நான்கு நாய்கள் மலாயாக் காட்டில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை மோப்பம் பிடித்தன. லக்கி மட்டுமே உயிரோடு மிஞ்சியது. 2007-இல் அந்த அணிக்கு, விலங்குகளுக்கான வீர விருதான டிக்கின் பதக்கம் கிடைத்தது. நாய்கள் தடத்தைக் காட்டின. துப்பாக்கி மனிதர் கையில் இருந்தது.

அதே ஆண்டுகளில் தோட்டத்து லயங்களையும் ஓரிடமாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். பாட்டிக்கு அந்த வேலி ஞாபகம் இருந்தது. அதைவிட அதிகமாக, துரை பங்களா நாய் ஞாபகம் இருந்தது. "வெள்ளக்காரன் வந்தா வாலாட்டும். நாங்க மருந்து கேக்கப் போனாலும் கொலைக்கும்" என்பார். அது துரையைக் காவல் காத்தது. யாரிடமிருந்து என்று கேட்டால், பாட்டியிடமிருந்து. பூனைத் தீவில் தோற்ற பாடத்தைப் பங்களாவில் யாரும் திட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை. யாரைப் பார்த்தால் எஜமான் முகம் மாறுகிறது என்பதை நாய் தானாகவே கற்றிருக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கடிக்க வேணாம்பா. கொலைச்சா யாராச்சும் எந்திரிக்கணும், அவ்ளோதான்" என்றார். நான் இத்தனை படித்து வந்து சேர்ந்த இடத்தில் அவர் முன்பே உட்கார்ந்திருந்தார்.

டோபர்மேன் வாங்கவில்லை. கோயில் பக்கம் திரிந்த ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்தோம். கூடவே எங்கள் வரிசையின் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். வீடு வீடாகப் போய் எண் கேட்டபோதுதான் மூன்றாம் வீட்டு மலாய் அக்காவின் பெயரே எனக்குத் தெரிந்தது.

போன மாதம் ஓர் இரவு மூன்று மணிக்குக் கறுப்பன் குரைத்தான். நான்கு வீடுகளில் விளக்கு எரிந்தது. கூரைமேல் ஒரு முசாங் ஓடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. குழுவில் முசாங்கின் படம் வந்தது. தூக்கம் கெட்டதென்று யாரும் குறை சொல்லவில்லை.