எந்த கம்பைலர்?

பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு எதற்கு கம்பைலர் சரித்திரம் என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு கணக்கு வழக்குத்தான்.

2000 செப்டம்பரில் ரெட் ஹாட் லினக்ஸ் 7.0 வந்தது. கூடவே ஜிசிசி 2.96 என்ற கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது. வேடிக்கை என்னவென்றால், ஜிசிசி குழு அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை! பாதி வேலையில் இருந்ததை எடுத்து ரெட் ஹாட்டே திருத்திக் கொடுத்துவிட்டது. அது தங்கள் வெளியீடு அல்ல என்று குழு அக்டோபரில் அறிவித்தது. அதில் செய்த சி++ நிரல்கள் 2.95-உடனோ வரப்போகும் 3.0-உடனோ ஒத்துப்போகாது என்றும் சொன்னது.

லினக்ஸின் கருவான கெர்னலை அதில் கம்பைல் செய்ய ரெட் ஹாட்டுக்கே துணிச்சல் இல்லை. பழைய ஈஜிசிஎஸ் 1.1.2-ஐ 'கேஜிசிசி' என்ற பெயரில் தனியாக வைத்தார்கள். டெபியனில் 'ஜிசிசி272' இருந்தது. வங்கியில் புது மென்பொருள் வந்தாலும் பழைய லெட்ஜரைச் சில நாள் சேர்த்தே எழுதுவோமே, அந்தப் புத்திதான். ஆனால் எதை எடுப்பது என்று யார் சொல்வது?

ஆலன் காக்ஸ் பராமரித்த 2.2 கெர்னலில், 2000 கடைசியில் வந்த 2.2.18-இல், அதற்கு 'கேவிச்' என்று ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட். கட்டளைகள் இருக்கும் டைரக்டரிகளைத் துழாவி, ஜிசிசி272-ஓ கேஜிசிசி-யோ இருந்தால் அதைக் கொடுக்கும். இரண்டும் இல்லாவிட்டால்தான் வழக்கமான 'சிசி'. என்னைக் கேட்டால், அத்தனை சண்டையிலும் உருப்படியான காரியம் இதுதான்.

ஜிசிசி குழுவோ குழப்பம் வேண்டாமென்று தன் வளர்ச்சிப் பதிப்பின் எண்ணை 2.97 என மாற்றிக்கொண்டது. 3.0 வந்தது 2001 ஜூனில்.