படநிறுவனத் தலைவர்களை அளக்கும் கோல்

திரைப்பட நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர், ஒரு தலைவரின் பதவிக் காலத்தில் வெளிவந்த படங்களை எண்ணி, வென்றவற்றை அவர்தம் அறிவுக்கும் தோற்றவற்றை அவர்தம் பிழைக்கும் சான்றாகக் காட்டுதல் பெருவழக்கு. கதையின் உரிமையை வாங்கும் நாளுக்கும் படம் வெளிவரும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் சில கழிதலை அன்னோர் கருதுவதில்லை. அமெரிக்காவின் ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனத்தில் 1960 முதல் 1972 வரை நிகழ்ந்தவற்றை நிரல்பட நோக்கின் இவ்வழக்கின் குறை புலனாகும்.

ஸ்பைரோஸ் ஸ்கூராஸ் 1942 முதல் அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர். தொலைக்காட்சியின் வரவால் அரங்குகளில் கூட்டம் குறைந்த காலத்தில், 1953-இல் 'தி ரோப்' என்னும் படத்தின் வாயிலாக சினிமாஸ்கோப் அகலத்திரையைக் கொணர்ந்தவரும் அவரே. எனினும் 1962-இல் அவர் தலைமைப் பதவியைத் துறக்க நேர்ந்தது. 'கிளியோபாட்ரா'வின் செலவு 3 கோடி டாலரைக் கடந்து பெருகியமை அதற்குத் தலையாய காரணம். இலண்டனுக்கு அருகில் எழுப்பிய காட்சியமைப்புகள் கைவிடப்பட்டன, இயக்குநர் மாறினார், உரோமில் எல்லாம் புதிதாகத் தொடங்கின. இவற்றில் ஸ்கூராசின் மேற்பார்வைக் குறையை மறுத்தற்கில்லை. ஆயின் அப்படம் வெளிவந்தது 1963 ஜூன் திங்களில்தான். விளைச்சலுக்கு முன்னரே உழவனுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது. அவ்வாண்டில் அமெரிக்காவில் மிகுதியான வசூல் பெற்ற படமும் அதுவே. 1966-இல் ஏபிசி தொலைக்காட்சி இருமுறை ஒளிபரப்பும் உரிமைக்கு 50 இலட்சம் டாலர் அளித்தது.

ஸ்கூராசுக்குப் பின் வந்த டாரில் சானக்கும், தயாரிப்புப் பொறுப்பேற்ற அவர் மகன் ரிச்சர்டும் நிறுவனத்தை மீட்டவர் எனப் புகழப்பட்டனர். அப்புகழுக்கு அடிப்படை 1965-இல் வெளிவந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. அந்நாடகத்தின் திரையுரிமையை நிறுவனம் 12½ இலட்சம் டாலருக்கு வாங்கியது 1960-இல். அஃதாவது ஸ்கூராசின் காலத்தில்! இச்செய்தியைப் புகழுரைகள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. கிடப்பில் கிடந்த உரிமையை எடுத்து, எர்னஸ்ட் லேமனிடம் திரைக்கதையை ஒப்படைத்தது ரிச்சர்டின் திறம் என்பதும் உண்மையே. வித்து ஒருவருடையது, வளர்ப்பு மற்றொருவருடையது.

அவ்வெற்றியே பின்னர்க் கேடாயிற்று. அதனைப் போன்ற பெருஞ்செலவு இசைப்படங்களையே மக்கள் விரும்புவர் எனக் கொண்டு, 'டாக்டர் டூலிட்டில்' (1967), 'ஸ்டார்!' (1968), 'ஹலோ, டாலி!' (1969) ஆகியவற்றை எடுத்தனர், மூன்றும் நட்டம். தந்தையே தலைவராயிருந்தும், 1970 டிசம்பரில் ரிச்சர்ட் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் தந்தையும் நிருவாகப் பொறுப்பை இழந்தார்.

இங்கும் காலக்கணக்கு பிழைத்தது. ரிச்சர்டின் பொறுப்பில் உருவான 'பாட்டன்' சிறந்த படத்திற்கான அகாதமி விருதைப் பெற்றது 1971 ஏப்ரலில். அவர் இசைவளித்த 'தி பிரெஞ்சு கனெக்சன்' அதே விருதைப் பெற்றது 1972 ஏப்ரலில். அவ்வாண்டுக் கணக்கேடுகளில் இவற்றின் ஆதாயம் புதிய நிருவாகத்தின் பெயரிலேயே ஏறிற்று.