பதிவும் லயமும்: ஊவாத் தோட்டக் குடியிருப்பு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலையகத் தமிழரின் வரலாற்றிலே ‘பதிவு’ என்பது வெறும் அலுவலகச் சொல்லன்று. தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனும் சீட்டிலே எழுதப்பட்டு, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை தோட்டத்துக்குத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்கள் நாட்டிலே நிலைத்து வாழ்வதையே பதிவுக்கு உட்படுத்தின. உழைப்பவன் இவ்வாறு மீண்டும் மீண்டும் பதியப்பட்டான். அவனது கூரையை அமைத்தவன் எப்போது பதியப்பட்டான் என்பதே இங்கு நோக்கற்பாலது.

மிகப் பிந்தியே என்பது விடை. 1986இல் நிறுவப்பட்ட நிர்மாணப் பயிற்சி, அபிவிருத்தி நிறுவனம் ஒப்பந்தகாரரைப் பதிவுசெய்து தரப்படுத்தி வந்தது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் அப்பணியை ஓர் அதிகார சபையிடம் ஒப்படைத்துச் சட்டவலுவூட்டியது. நிதிவளம், அனுபவம், தொழில்நுட்ப ஆளணி என்பவற்றைக் கொண்டு ஒப்பந்தகாரரின் தரம் நிர்ணயிக்கப்படுகின்றது.

இவ்வேற்பாடு தேவையானதே. ஆயின் அதன் அடிப்படையிலே முதலாளித்துவச் சந்தையின் ஓர் எடுகோள் உறைந்துள்ளது: கட்டுவிப்போன் ஒருவன், கட்டுவோன் ஒருவன், இடையே ஓர் ஒப்பந்தம். பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் லயங்கள் இவ்வுறவுக்குள் அடங்குவனவல்ல. நிலமும் தோட்டத்தினது, கட்டுவித்ததும் தோட்டமே. குடியிருந்தவன் கட்டிடத்தின் பயனாளியாகவன்றி, உற்பத்திச் செலவின் ஓர் உறுப்பாகவே கணிக்கப்பட்டான். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் நோய்கள் கட்டளைச்சட்டம் தோட்டச் சுகாதாரத்தைக் கவனித்ததும் இக்கண்ணோட்டத்திலேதான்: நோயுற்ற தொழிலாளி கொழுந்து பறியான். (1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதையின் பாலங்களுக்குக் கிடைத்த பொறியியற் கவனத்தை இதனோடு ஒப்பிடலாம்.) ஊவாத் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதையை ஒற்றையறைக் குடும்பத்தின் அவலக் கதையாக மட்டும் வாசிப்போர் இப்பொருளியல் அடித்தளத்தைத் தவறவிடுகின்றனர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தமோ 1992இன் தனியார்மயமோ இவ்வுறவை மாற்றவில்லை. லயத்தின் முன்னே ஒரு தாழ்வாரம் இறக்குவதற்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். ஊர் பாஸ் ஒருவரை அழைத்துச் சுவரெழுப்பும் குடும்பத்துக்கு எந்தத் தரப்பட்டியலும் துணைவராது. ஏனைய இடங்களிற் கட்டிடங்களை மேற்பார்வை செய்யும் பிரதேச சபைக்கும் தோட்டக் குடியிருப்பு நெடுங்காலம் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த அத்தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கியது.

ஒப்பந்தகாரர் சட்டம் நிறைவேறிய அதே 2014ஆம் ஆண்டு, ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டிட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதனைக் கேட்டு இடம்பெயர்வதற்குத் தொழிலாளியின் கையில் ஓர் அங்குல நிலமும் இல்லை. ஒப்பந்தகாரனின் தகைமையை ஆராயும் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அம்மக்கள் வழக்கிட்டிருக்க முடியும்? அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் ஒரு தரப்பினராக இருந்ததில்லை.