தருமம் என்னும் சொல்லும் 1899ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

செல்வர் தம் பொருளின் ஒரு பகுதியைத் தருமத்திற்கென ஒதுக்குவது இந்தியாவின் நெடுநாள் வழக்கு. அவ்வாறு ஒதுக்கப்பட்ட கொடை, அதனைக் குறித்த சொல்லாலேயே அழிந்ததும் உண்டு. பம்பாயிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரண்சோர்தாஸ் – பார்வதிபாய் வழக்கில், உயிலின்வழித் 'தருமத்திற்கு' விடப்பட்ட கொடை செல்லாது என்று 1899இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வில்சனின் அகராதி அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. சட்டம், நற்பண்பு, சட்டத்தாலோ ஒழுக்கத்தாலோ அமைந்த கடமை என அச்சொல்லுக்கு அதில் பொருள் தரப்பட்டிருந்தது. இத்துணை விரிந்த நோக்கத்தை நீதிமன்றம் மேற்பார்வையிட இயலாது என்பது நீதிபதிகளின் கருத்து.

அகராதி ஒரு சொல்லின் பொருள்களையெல்லாம் நிரல்படத் தருவது. பேசுவோன் அவற்றுள் ஒன்றையே கருதுகிறான். 'தர்ம ஆஸ்பத்திரி' என்னும் வழக்கில் 'தர்ம' என்பதற்குச் சட்டம் எனப் பொருள் கொள்வார் எவருமிலர். கிணறு வெட்டுதல், குளந்தோண்டுதல், அன்னமளித்தல் ஆகியவற்றைப் 'பூர்த்தம்' எனத் தருமசாத்திரங்கள் வகுத்திருந்தன. உயில் எழுதும் வணிகனின் எண்ணம் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்குவதே. வழக்கைக் கேளாது அகராதியைக் கேட்டதே பிழையெனத் தோன்றுகிறது.

ஆங்கிலச் சட்டமும் நெடுங்காலம் தன் அறச்சொல்லுக்கு வரையறை கூறவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1601ஆம் ஆண்டு எலிசபெத் சட்டத்தின் முகவுரை தந்தது ஒரு பட்டியலே. முதியோர், நோயாளர், பள்ளிகள், பாலங்கள் என விரியும் அப்பட்டியலில், வரி செலுத்த இயலாத ஏழைகளுக்கு உதவுதலும் இடம்பெற்றிருந்தது. பட்டியலால் பிழைத்த சொல் ஒன்று; பட்டியலின்மையால் வீழ்ந்த சொல் மற்றொன்று.

வரிச்சட்டங்களில் சிக்கல் வேறு வடிவம் பெற்றது. சமய நோக்கத்திற்கும் பொது அறநோக்கத்திற்கும் மட்டுமே பயன்படும் சொத்தின் வருமானத்திற்கு 1886ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் விலக்களித்தது. எனவே எது அறம் என்பது வரிக்கணக்கின் வினாவும் ஆயிற்று. வட இந்திய வணிகர் விற்பனைச் சீட்டில் விலையோடு சிறுதொகை சேர்த்து வாங்கும் வழக்கம் இருந்தது. அதற்குத் 'தர்மாதா' என்பது பெயர். அது வணிகனின் வருமானமா, அன்றி அவன் கையில் தங்கிச் செல்லும் அறப்பொருளா என்பதே வழக்கு. பிஜ்லி பருத்தி ஆலை வழக்கில் 1979இல் உச்சநீதிமன்றம் அதனை வருமானமன்று எனத் தீர்த்தது. வணிகர் வழக்கில் அச்சொல்லின் பொருள் தெளிவானதே என்றும், 1899ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்றும் கொண்டது. அதற்கு முன்பே, 1950ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டம், தருமம், தர்மாதா, புண்ணியகாரியம் போன்ற சொற்களால் அமைந்த கொடைகள் நோக்கம் தெளிவற்றவை என்னும் காரணத்தால் மட்டும் செல்லாதவை ஆகா என விதித்திருந்தது.

தர்மாதாவுக்குத் தமிழில் ஏறத்தாழ நிகரான சொல் 'மகமை'. நாடார், நகரத்தார் ஆகிய வணிக மரபினரிடையே வணிகத்தின் அளவிற்கேற்பத் தண்டப்பெற்ற அத்தொகையால் கோயில்களும் பள்ளிகளும் நடந்துவந்தன. எனினும் மொழிபெயர்ப்பாளர் தர்மாதாவைப் பெரும்பாலும் 'நன்கொடை' என்றே எழுதிவிடுவர். நன்கொடை கொடுப்போன் விருப்பத்தைச் சார்ந்தது. மகமையோ விலையோடு ஒட்டி வருவது. வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே நின்றது.