கிழிந்த சீட்டும் ஓவியமாகும்

பயணம் முடிந்ததும் நாம் வீசியெறியும் சீட்டினால் யாருக்கு என்ன பயன்? ஜேர்மனியின் ஹனோவர் நகரிலே பிறந்த குர்ட் ஷ்விற்றர்ஸ் (1887–1948) என்னும் ஓவியர், அதனையே பொறுக்கியெடுத்துப் படமாக்கினார்.

முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றது. பழைய ஒழுங்கு யாவும் சிதைந்தது. சிதைந்தவற்றைக் கொண்டே புதியன படைத்தல் வேண்டும் எனத் துணிந்த அவர், 1919ஆம் ஆண்டளவில் ட்ராம் வண்டிச் சீட்டு, செய்தித்தாள், கம்பி, மரத்துண்டு முதலியவற்றைப் பலகையில் ஒட்டியும் ஆணியறைந்தும் ஓவியங்கள் ஆக்கினார். வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த ‘மேர்ஸ்’ என்னும் பொருளற்ற சொற்றுண்டே அக்கலைக்குப் பெயராயிற்று.

நாஸிகளுக்கு அஞ்சி, 1937ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் நோர்வேக்குச் சென்றார். அவ்வாண்டே மியூனிக் நகரில், மக்கள் எள்ளி நகையாடுதற்கென நாஸி அரசு நடத்திய கண்காட்சியில் அவர் படைப்புகளும் வைக்கப்பட்டன. 1940இல் ஜேர்மன் படை நோர்வேயிலும் புகவே, அவர் பிரித்தானியாவை அடைந்தார். அங்கோ, பகைநாட்டவர் என மான் தீவு முகாமில் அடைக்கப்பட்டார். ஓவியப் பொருள்கள் அரிதான அவ்விடத்தில், எஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைத் திரட்டி உருவங்கள் சமைத்தார். அவை பூசணம் பூத்து நாறின. ஆயினும் அவர் கை ஓயவில்லை.

ஹனோவர் வீட்டினுள்ளே அவர் பல்லாண்டுகள் வளர்த்த ‘மேர்ஸ்’ கட்டுமானம் 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. 1948 ஜனவரி 7ஆம் நாள் பிரித்தானியக் குடியுரிமை அவருக்கு வழங்கப்பெற்றது. மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

அவர் ஒட்டிவைத்த சீட்டுகளைப் பெருங் கலைக்கூடங்கள் இன்று பேணுகின்றன. வீசியெறிந்த பொருளையும் மதித்த அம்மனிதரை மதிக்க, நாடுகளுக்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது.