மதுரையில் பேசத் தொடங்கிய சிங்கள சினிமா

சிங்கள மொழியின் முதல் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’ 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் வெளியானது. தலைப்புக்கு ‘மீறப்பட்ட வாக்கு’ என்று பொருள். காதலும் கண்ணீரும் கலந்த குடும்பக் கதை அது. படம் எடுக்கப்பட்டதோ மதுரையில், சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம் தமிழர்; இயக்குநர் ஜோதிஷ் சின்ஹா வங்காளி.

கதை நீர்கொழும்பிலிருந்து வந்தது. பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு மேடையேற்றிய நாடகத்தையே நாயகம் படமாக்கினார். பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்யும் வசதி அன்றைய இலங்கையில் இல்லை. தளம், ஒலிப்பதிவு, லேப் மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தது தமிழ்நாட்டில்தான். தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் ரயில் பிடித்தால் மதுரை தொலைவில்லை. படத்தில் மேடைச் சாயல் தூக்கலாகத் தெரிந்ததற்கு அது நாடகத்திலிருந்து பிறந்ததே காரணம். ஆனாலும் தங்கள் பேச்சைத் திரையில் முதன்முறையாகக் கேட்ட சிங்கள ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

நாயகி ருக்மணி தேவி. இயற்பெயர் டெய்ஸி ராசம்மா டேனியல்ஸ். 1923இல் நுவரெலியா அருகே ரம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். திரைக்கு வருமுன்பே இசைத்தட்டுகளால் புகழ்பெற்றிருந்த அவர், தம் பாடல்களைத் தாமே பாடி நடித்தார். உடன் நடித்த எடி ஜயமான்ன அவருடைய கணவர், நாடகாசிரியரின் தம்பி. 1978இல் கார் விபத்தில் இறக்கும்வரை சிங்களத் திரையின் முதல் நட்சத்திரம் என்ற இடம் ருக்மணிக்கே இருந்தது. ரசிகர்கள் அவர்மீது வைத்த அன்பில் மொழிபேதம் இருக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதே 1947இல் அடுத்த சிங்களப் படம் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. சாந்தி குமார் இயக்கிய ‘அசோகமாலா’ முழுக்க முழுக்கக் காதல் கதை. துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய, தாழ்ந்த குலமென ஒதுக்கப்பட்ட பெண்ணை மணப்பதற்காக அரியணையையே விட்டுக்கொடுத்த பழங்கதை. முகமது கவுஸ் இசையமைத்தார். அந்த இசைக்குழுவில் வயலின் வாசிக்க வந்த ஆல்பர்ட் பெரேரா என்ற இளைஞர்தான் பிற்காலத்தில் சிங்கள இசையின் தலைமகனாக உயர்ந்த அமரதேவ. பாடியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்து சிறுவயதிலேயே இலங்கைக்குப் போன மொஹிதீன் பெக். இந்த இஸ்லாமியர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் பண்டிகைப் பந்தல்களில் ஒலிக்கின்றன.

தென்னிந்திய ஸ்டூடியோக்களில் சிங்களப் படம் எடுக்கும் வழக்கம் அடுத்த சில ஆண்டுகள் நீடித்தது. தமிழ், இந்திப் படங்களின் கதையும் மெட்டும் சிங்களத்துக்குப் போயின. 1953இல் வெற்றிகண்ட ‘சுஜாதா’ இந்தியின் ‘படி பஹேன்’ படத்தைத் தழுவியது. தயாரித்தவர் கே. குணரத்தினம், இவரும் தமிழர். இதற்கிடையே நாயகம் இலங்கையிலேயே கந்தானையில் ஸ்டூடியோ அமைத்தார். 1952இல் வந்த ‘பண்டா நகரயட பெமிணீம’ அங்கே எடுக்கப்பட்டது.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ அரங்கை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலில் படமானது. மறு ஆண்டு கான் விழாப் போட்டிக்கும் சென்றது. அதன்பின் சிங்கள விமர்சகர்கள் பழைய படங்களை ‘தென்னிந்திய வார்ப்பு’ என்று ஒதுக்கினார்கள். கலையளவில் அது நியாயமான குறை. ஆனால் மூலதனமும் தொழில்நுட்பமும் தந்து தொடங்கிவைத்தவர்களின் பங்கு அதனால் குறைந்துவிடாது.

அந்தப் பங்குக்கு வரலாறு தந்த பதில் கொடியது. ஹெந்தளையில் குணரத்தினம் கட்டிய விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எரிக்கப்பட்டது. பல சிங்களப் படங்களின் நெகட்டிவ்கள் அதோடு அழிந்தன. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட்டும் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார்.